கறுப்பின் முறை

மைனஸ் பூஜ்யம் புள்ளி ஒன்பது. மைனஸ் வந்தால் கறுப்பின் கை ஓங்கியிருக்கிறது என்று அர்த்தமாம். கறுப்பு நான்தான், ஆனால் பூஜ்யம் புள்ளி ஒன்பது என்பது ஒரு சிப்பாய் அளவுகூட இல்லை, அதை வைத்துக்கொண்டு வெற்றி என்று மேடையேற முடியாது. பக்கத்தில் இருபத்தெட்டு என்று ஓர் எண், அது ஆழம், அவ்வளவு தூரம் லேப்டாப்பில் ஓடுகிற இந்த செஸ் இன்ஜின் முன்னால் எட்டிப் பார்த்துவிட்டது, இப்போது இருபத்தொன்பது. விநாடிக்குப் பல லட்சம் நிலைகளைப் புரட்டுகிறதாம், நான் ஒரே ஒரு நிலையை நாற்பத்தேழு வருடமாகப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். பேட்டரி ஐம்பத்து மூன்று சதவீதம். இன்றைக்கென்று பார்த்து ஷட்டவுன், ஒண்டிப்புதூர் முழுக்கக் காலை ஒன்பதிலிருந்து கரண்ட் இல்லை, மாலை ஐந்துக்குத்தான் வரும், தலைக்கு மேல் ஃபேன் அசையாமல் தொங்குகிறது, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மணி மூன்றேகால். வலது காலின் பெருவிரல் மேசைக்கடியில் எதையோ தேடுகிறது. தரையில் ஒன்றுமில்லை, துடைத்து வைத்த மொசைக் தரை. அந்த விரலில் உணர்ச்சியே கிடையாது. போன மாதம் சர்க்கரை டாக்டர் குண்டூசியால் குத்திப் பார்த்து, தெரியுதுங்களா ஐயா என்றார், இல்லை என்றேன், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க என்றார், வலிக்கு எதற்கய்யா யோசனை. உணர்ச்சி செத்த விரல் எதைத் தேடும். மைனஸ் பூஜ்யம் புள்ளி எட்டு. குறைகிறது. அடுத்த அறையில் வாலண்டினா புரூஃப் திருத்துகிறாள், தாள் திரும்பும் சத்தம் கேட்கிறது. மில் சங்கத்தில் என்னோடு இருந்த செங்காளியப்பனின் மகள். விண்வெளிக்குப் போன முதல் பெண்ணின் பெயரை மில் லைன் வீட்டில் பிறந்த குழந்தைக்கு வைத்தார், பள்ளிக்கூடத்து வாத்தியார்களுக்குக் கடைசிவரை அது வாயில் நுழையவில்லை. இப்போது அவளுக்கே அறுபத்தொன்று, தொலைபேசித் துறையில் இருந்து ஓய்வு பெற்றுவிட்டாள். அவள்தான் அப்பா ஆட்டங்களைப் படம் போட்டு வைத்த ஜெயில் நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த லேப்டாப்பில் காய்களை ஒவ்வொன்றாக வைத்தாள். “அது பாட்டுக்கு ஓடிட்டிருக்குமுங்க தோழர், நீங்க ஒண்ணையும் தொட வேண்டாம்” என்றாள். “என்ன, கைநாட்டுன்னு நெனச்சுட்டியா?” என்றேன். “கைநாட்டா இருந்திருந்தா நோட்டீசு எழுதியிருப்பீங்களா?” சிரிக்காமல் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அப்பனின் நாக்கு அப்படியே. சின்ன வயதில் என்னை மாமா என்பாள். நோட்டீசுக்குப் பிறகு கூப்பிடுவதையே விட்டாள், இன்று தோழர் என்கிறாள், கட்சி ஆபீசில் முன்பின் தெரியாதவனைக் கூப்பிடுவதுபோல.

நோட்டீசு. எட்டுப் பக்கம், விலை பத்துப் பைசா, சதுரங்கமும் சரணாகதியும் என்று தலைப்பு, மூவாயிரம் பிரதி இரண்டே ஷிஃப்டில் ஊர் மில் கேட்டுகளில் தீர்ந்துபோனது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான், படிப்பு என்று ஒன்று வந்தது இந்த மாதிரி நோட்டீசுகளில் இருந்துதான், கால் அணாப் புத்தகங்களில் இருந்துதான், தெருவிளக்கிலும் டீக்கடை பெஞ்சிலும் எழுத்துக்கூட்டிக் கூட்டி உபரி மதிப்பு வரைக்கும் வந்தேன், கல்லூரிக்காரன் எவனும் என் வாக்கியத்தில் ஒரு சொல்லை அடித்ததில்லை. தோற்கிற பலகையில் சமன் கேட்டுக் கை நீட்டியவர், மறுநாள் முதலாளியின் மேசையிலும் அதே கையை நீட்டினார். எப்படிப்பட்ட வாக்கியம். இன்றைக்கும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தால் உருண்டு வருகிறது. அதைவிடக் கூரானது வேறொன்று இருந்தது, அது வாக்கியம்கூட இல்லை, ஒரு சொல். நோட்டீசு முழுக்க அவரைத் திருவாளர் செங்காளியப்பன் என்று எழுதினேன். தோழர் என்று ஓர் இடத்தில்கூட இல்லை. வெளியாளுக்கு அது மரியாதை, எங்கள் ஆளுக்கு அது செருப்படி. பதினாறு வருடம் சங்கத்தில் இருந்தவரை ஒரே நோட்டீசில் திருவாளர் ஆக்கினேன். அதற்குமேல் ஜனங்கள் பார்த்துக்கொண்டார்கள். டிரா செங்காளி என்று பெயர் வைத்தார்கள். டீக்கடையில் எவனாவது, ஏனுங் டிரா அண்ணா, வடைக்கும் பன்னுக்கும் இன்னைக்கு டிராங்களா என்பான், அவர் வடையைப் பிட்டுக்கொண்டே, எனக்கு ரெண்டும் வேணும்டா என்பார், அவ்வளவுதான், ஒரு நாளும் என் பெயரைச் சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம். போன வருடம் அவர் செத்தபோது சுவரெல்லாம் போஸ்டர். அதே தெருவில் பால் சொசைட்டி செங்காளியப்பன் ஒருவர் உயிரோடு இருக்கிறார், குழம்பிவிடக் கூடாது என்று நல்லெண்ணத்தில் அச்சடித்திருக்கிறார்கள், ‘டிரா’ செங்காளியப்பன் இயற்கை எய்தினார் என்று. என் சொல்லில் இருந்து பிறந்த பெயரோடு சுடுகாட்டுக்குப் போனார். போஸ்டர் முன்னால் வாலண்டினா நின்றதை நான் எதிர்ப்பக்கம் பஸ் நிறுத்தத்தில் இருந்து பார்த்தேன், கிழிக்கவில்லை, படித்தாள், திரும்பவும் படித்தாள். இப்போது நினைவு மலர் போடுகிறாள். அதுதான் என்னை இங்கே கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறது. கடைசிப் பக்கம் மட்டும் பாக்கி, ஆறு மணிக்குள் அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். வாசலிலேயே நிற்க வைத்துச் சொல்லிவிட்டாள். “எங்கப்பா நிஜமாலுமே தோத்துட்டிருந்தாருன்னா உங்க நோட்டீசுல இருக்கற அந்தப் பக்கத்தையே போட்டுடறனுங்க, எனக்கு நிஜம் போதும். ஆனா டிரா கேட்டதுல நியாயம் இருந்துச்சுன்னா நீங்க ரெண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போடோணும்.” நான் எழுதியதை நானே மறுத்து ஒரு வரி இதுவரை எழுதியதில்லை. போலீஸ் லாக்கப்பில் நகம் பெயர்ந்தபோதும் எழுதவில்லை.

மைனஸ் பூஜ்யம் புள்ளி நான்கு. ஆழம் முப்பத்து மூன்று. பேட்டரி நாற்பத்தொன்று. விசிறி இல்லாத வீட்டில் லேப்டாப்பின் உள்விசிறி மட்டும் இரைகிறது, கீழே மேசை சுடுகிறது. திரையில் பலகை பச்சையும் வெள்ளையுமாக இருக்கிறது, எங்கள் பலகை சிமெண்டுத் தரையில் கரித்துண்டால் போட்டது. காய்கள் சலவை சோப்பில் செதுக்கியவை, கறுப்புக் காய்களுக்கு விளக்குக் கரி பூசினோம், என் குதிரைக்கு ஒரு காது ஒடிந்திருந்தது. எழுபத்தெட்டு. அறுபத்தெட்டு நாள் வேலைநிறுத்தம், அதில் கடைசி முப்பது நாள் நாற்பத்திரண்டு பேர் ஜெயிலில், ஒரே கொட்டடியில். முதலாளி தகவல் அனுப்பியிருந்தான், பதினோரு பேரைத் தவிர மற்ற எல்லோரையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று. பதினோரு பேரில் ஒருவன் நான். செங்காளியண்ணன் அதில் இல்லை. அறுநூறு வீட்டுல அடுப்பெரியல நஞ்சப்பா என்றார் அவர். பதினோரு பேரை வித்து எரியற அடுப்பு எதுக்குங்கண்ணா என்றேன் நான். மறுநாள் காலை கொட்டடிக்குள்ளேயே கை தூக்கி வாக்கெடுப்பு, அதற்கு முந்தின சாயங்காலம்தான் அந்த ஆட்டம். வெறும் ஆட்டம் என்று நாங்கள் இருவரும் நினைத்திருந்தாலும் சுற்றி நின்ற நாற்பது பேர் அப்படி நினைக்கவில்லை. நஞ்சப்பன் ஜெயித்தால் போராட்டம், செங்காளி ஜெயித்தால் சமரசம் என்று எவனோ மூலையில் பீடி பந்தயம்கூட வைத்தான். சாயங்காலம் முற்றி ஆட்டம் கடைசிக்கு வந்தது, ஆளுக்கு ஒரு ராஜா, ஒரு குதிரை, மூன்று சிப்பாய், பத்தே காய். அப்போது வார்டர் கூவினார், எண்ணிக்கை, ரெண்டு ரெண்டா உக்காரு என்று. ஜெயிலில் எந்த ஆட்டமும் ஒரு மூச்சில் முடியாது, எண்ணிக்கை வரும், சோறு வரும், வக்கீல் வருவார், திரும்பி வந்தால் யார் முறை என்று சண்டை வரும். அதற்காக ஒரு வழக்கம் வைத்திருந்தோம். ஒரு புளியங்கொட்டை. யார் நகர்த்த வேண்டுமோ அவர் பக்கத்தில் பலகை ஓரமாக அதை வைத்துவிட வேண்டும். நகர்த்தி முடித்தவன் கொட்டையை எதிராளி பக்கம் தள்ளுவான், கடிகாரத்துக்கு அதுதான், நடுவருக்கும் அதுதான். எண்ணிக்கை முடிந்து வந்தோம். கொட்டை அவர் பக்கத்தில் இருந்தது. அவர் உட்கார்ந்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார், எந்தக் காயை எடுத்தாலும் ஒரு சிப்பாய் போகிறது என்று தெரிந்துகொண்டார் என்று நினைத்தேன். பிறகு நிமிர்ந்து, டிரா வெச்சுக்கலாமா நஞ்சப்பா என்றார். கொட்டை அவர் பக்கத்தில் இருந்தது. ஆமாம், அவர் பக்கத்தில்தான். “தோக்கற ஆட்டத்துல டிரா கேக்க யாருங்கண்ணா சொல்லிக் குடுத்தது, மொதலாளியா?” என்றேன், பாதிப் பேர் சிரித்தார்கள், சிரித்தவர்கள் என் ஆட்கள். சரி, இப்படியே இருக்கட்டும் என்று எழுந்தார். அதோடு முடிந்தது. காலையில் வாக்கெடுப்பில் நான் ஜெயித்தேன், இருபத்து நான்குக்குப் பதினெட்டு. ஆனாலும் ஒன்பதாம் நாள் அவர் வெளியே போய், முதலாளியின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

பூஜ்யம் புள்ளி பூஜ்யம் பூஜ்யம். என்ன இது. மைனஸும் இல்லை பிளஸும் இல்லை. ஆழம் முப்பத்தாறு, சமன் என்கிறது, டிரா என்கிறது, நாற்பத்தேழு வருடம் கழித்து ஒரு டப்பா என்னிடம் வந்து டிரா என்கிறது. முப்பத்தேழு, அதே பூஜ்யம். கழுத்துக்குக் கீழே வேர்வை கோடு போட்டு இறங்குகிறது. சமன் என்றால் அவர் கேட்டது நியாயம், நியாயமானால் இரண்டு வரி, இரண்டு வரி எழுதினால் மூவாயிரம் பிரதியும் பொய், அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பட்டினியாக வீட்டுக்குப் போன மூவாயிரம் பேரும் ஏமாந்தவர்கள். இயந்திரம் தப்பு செய்யாதா. மில்லில் எத்தனை இயந்திரம் பார்த்திருக்கிறேன், மீட்டர் ஓட்டிக் கூலியைக் குறைத்தது எது, இயந்திரம்தானே. இயந்திரம் பணம் கொடுத்தவனுக்கு ஓடும், இது யாருக்கு ஓடுகிறது. “தோழர், காப்பியில சக்கரை போடறதா வேண்டாமுங்களா?” என்று சமையலறையில் இருந்து குரல். வேண்டாம் என்றேன். முப்பத்தொன்பது, பூஜ்யம். இருபத்தெட்டு சதவீதம். அப்புறம் எண் துடித்தது, மைனஸ் ஒன்று புள்ளி ஏழு, நாற்பத்தொன்று, மைனஸ் மூன்று புள்ளி எட்டு. என் நாற்காலி தானாக முன்னால் நகர்ந்துவிட்டது. நாற்பத்து மூன்று, மைனஸ் ஆறு புள்ளி நான்கு. வெள்ளை எதை நகர்த்தினாலும் சரிகிறது, ராஜா போனால் நடுச் சிப்பாய் போச்சு, குதிரை போனால் என் ஓரச் சிப்பாய் ராணியாகிறது, கீழே வரிசையாக அது காட்டுகிற நகர்த்தல்களை நான் அன்றைக்கே பார்த்தேன், ஒவ்வொன்றையும் பார்த்தேன். பார்த்தாயா. பார்த்தாயா செங்காளி. உதட்டை நக்கினேன், செம்புக் காசை நக்கினதுபோல ருசி. சந்தோஷம் இப்படியா இருக்கும். “இங்க வா கண்ணு” என்று கூப்பிட்டேன். காப்பியோடு வந்தாள், டம்ளரைக் கீழே வைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டு திரையைக் குனிந்து பார்த்தாள், ஆறு புள்ளி நான்கை வெகுநேரம் பார்த்தாள். “அப்ப நீங்க எழுதுனது சரிதானுங்க தோழர்” என்றாள். குரலில் ஒன்றுமே இல்லை. “இயந்திரம் சொல்லுது, நான் சொல்லல” என்றேன். “வெள்ளை முறைன்னு வெச்சுப் பாத்ததுக்குத்தானுங்களே இப்படி வருது?” “ஆமா. அதுல என்ன?” “ஒண்ணுமில்லீங்க, இந்த மிஷினு புதுசா வெக்கறப்பல்லாம் வெள்ளைன்னுதான் எடுத்துக்குது, நானும் மாத்தல. நோட்டுல யாரு முறைன்னு எங்கயும் எழுதலீங்க.” டம்ளரை வைத்துவிட்டு நோட்டைத் திருப்பி என் முன்னால் நீட்டினாள். பென்சில் கட்டம், காய்களுக்கு முதல் எழுத்து, அவர் கையெழுத்து. கீழே ஒரே சொல், சமன். கட்டத்துக்கு வெளியே, மேலே, கறுப்புப் பக்கத்தில், அழுத்தி உருட்டிய ஒரு புள்ளி. “எல்லாப் படத்துலயும் இந்த மாதிரி ஒரு புள்ளி இருக்குதுங்க, சிலதுல மேல, சிலதுல கீழ. மை சிந்திருச்சோன்னு பாத்தா எல்லாம் பென்சிலு. என்னன்னு தெரியுங்களா?” காப்பி சுட்டது. நாற்பத்திரண்டு பேரில் உயிரோடு இருப்பவர்கள் நான்கு பேர், அவர்களில் அந்த வழக்கம் தெரிந்து சதுரங்கம் ஆடியவன் நான் ஒருவன். “தெரியல. சும்மா பென்சில ஊணிட்டு யோசிச்சிருப்பாரு” என்றேன். “இருக்குமுங்க” என்றாள், என் நோட்டீசின் பழுப்பேறிய பிரதியைப் பேப்பர் பையில் போட்டாள், “சேலை மாத்திட்டு வந்தர்றேன், ஆறுக்குள்ள போயிருலாம்” என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

முடிந்தது. ஜெயித்தாயிற்று. காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போகலாம், பஸ் இருக்கிறது, பதினான்கு சதவீதம், அதுவும் தானாக அணைந்துபோகும். புள்ளி மேலே இருக்கிறது. நோட்டைத் திறந்தே வைத்துவிட்டுப் போய்விட்டாள். மேலே இருக்கிறது என்றால் என்ன, அவர் தப்பாகப் போட்டிருக்கலாம், மனுசன்தானே, விளக்கில்லாத கொட்டடியில் உட்கார்ந்து, எண்ணிக்கை முடிந்து வந்தபோது கொட்டை அவர் பக்கத்தில்தான் இருந்தது, எண்ணிக்கை முடிந்து வந்தபோது. எண்ணிக்கைக்குப் போனபோது? யார் முதலில் திரும்பி வந்தது. நான். செருப்பு வார் அறுந்துவிட்டது என்று வரிசையில் கடைசியாக உட்கார்ந்தேன், கடைசியில் உட்கார்ந்தவன்தான் கலையும்போது கொட்டடிக் கதவுக்குப் பக்கத்தில் இருப்பான். வார் அறுந்திருந்ததா. அறுந்திருக்கவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த அந்தக் கால் மணி நேரமும் கண்ணை மூடிக்கொண்டு பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், என் முறை, கொட்டை என் பக்கம், ராஜாவை முன்னால் வைத்தால் போச்சு, பக்கத்தில் வைத்தால் போச்சு, குதிரையை எட்டிப் பாய்ச்சினால் அவர் சிப்பாய் ஓடுகிறது, ஒன்று, இரண்டு, ஒன்பது, முன்னால் இருக்கிற எல்லா நகர்த்தலையும் எண்ணினேன், எல்லாம் போச்சு. அந்த நிலையில் நகர்த்துகிறவன் சாவான். குதிரைக்கு ஒரு முறையைச் சும்மா கழிக்கத் தெரியாது, ராஜாவுக்கு இடமில்லை. நாளைக்கு வாக்கெடுப்பு. நாற்பது பேர் பார்க்கத் தோற்றுவிட்டுக் காலையில் எழுந்து நின்று போராடுங்கள் என்று எப்படிச் சொல்வது. பதினோரு பேர். எண்ணிக்கை சரி என்று வார்டர் கத்தினார், நான் முதல் ஆளாக உள்ளே போனேன், பலகையை மிதிக்காமல் தாண்டுகிறவன்போலக் காலைத் தூக்கினேன், பெருவிரல் கொட்டையின் மேல் பட்டது, வழுவழுவென்று, குளிர்ச்சியாக, ஒரு பக்கம் லேசாகத் தேய்ந்திருந்தது, சிமெண்டில் அது உருண்ட சத்தம் என் ஒருவனுக்குத்தான் கேட்டது. இப்போதும் கேட்கிறது. இந்த விரலில் குண்டூசி ஏறினாலும் தெரியாது, அந்தக் கொட்டையின் தேய்ந்த பக்கம் தெரிகிறது. அவர் வந்து உட்கார்ந்தார். கொட்டையைப் பார்த்தார். பிறகு பலகையை அல்ல, என் காலைப் பார்த்தார். கால் விரலில் இருந்து மெதுவாக முகத்துக்கு வந்தார். நான் முகத்தைத் திருப்பவில்லை, அதற்கு நான் பழகினவன். ஒரு வார்த்தை போதும் அவருக்கு, இவன் கொட்டையைத் தள்ளிட்டான் என்று ஒரே வார்த்தை, என் ஆட்கள் அவரை அடித்திருப்பார்கள், அவர் ஆட்கள் என்னை, வார்டர் எல்லோரையும். டிரா வெச்சுக்கலாமா நஞ்சப்பா. நான் சொன்ன பதிலுக்குப் பாதிப் பேர் சிரித்தபோது அவர் கொட்டையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதை நோட்டீசில் எழுதவில்லை. எழுதியிருந்தால் யாராவது, ஏன் பையில் போட்டார் என்று கேட்டிருப்பார்கள்.

பத்து சதவீதம். பலகைக்குக் கீழே சின்னதாக ஒரு பெட்டி, வெள்ளை நகர்த்தல் என்று. தொட்டேன், கறுப்பு நகர்த்தல் என்று மாறியது, எண் எல்லாம் அழிந்து முதலில் இருந்து ஓடத் தொடங்கியது. எதற்குத் தொட்டேன். தோற்றுக்கொண்டிருந்தேன் என்று தெரிந்ததை இன்னொரு தடவை தெரிந்துகொள்வதற்கா. பிளஸ் இரண்டு புள்ளி ஒன்று. ஆமாம். ஆழம் இருபத்தைந்து, பிளஸ் மூன்று, இருபத்தெட்டு, பிளஸ் மூன்று புள்ளி எட்டு, ஆமாம், தோற்றிருப்பேன், அது போதும், அதில் ஓர் ஆறுதல்கூட இருக்கிறது, தோற்கிறவன்தானே திருடுவான், வேறு வழி இருந்தால் எவன் திருடுவான், பசித்தவன் எடுத்த ரொட்டியைத் திருட்டு என்று எந்த நோட்டீசிலும் நான் படித்ததில்லை. ஏழு சதவீதம். உள்ளறையில் பீரோ கதவு சத்தம். ஆழம் முப்பத்தொன்று. பூஜ்யம் புள்ளி பூஜ்யம் பூஜ்யம். மறுபடியும் பூஜ்யம், முன்பும் இப்படித்தான் காட்டி ஏமாற்றியது, மாறும், முப்பத்து மூன்று, பூஜ்யம், முப்பத்தைந்து, பூஜ்யம். கீழே நகர்த்தல் வரிசையின் முதலில் குதிரை. எங்கே போகிறது. மூலைக்கு. பின்னால், என் பக்கத்து மூலைக்கு, கடைசிக் கட்டத்துக்கு. இதென்ன பைத்தியம், மூலையில் குதிரை செத்த குதிரை, அங்கிருந்து அதற்கு இரண்டே கட்டம். ஆனால் அங்கே போனால் அவர் சிப்பாய் வர முடியாது. வந்தால் குதிரை ஒரே தாவலில் எடுத்துவிடும். அவர் ராஜா சுற்றி வர நான்கு நகர்த்தல், அதற்குள் என் ராஜா. இயந்திரத்தை விடு. கண்ணை மூடிக்கொண்டேன், சோப்புக் காய்களை வைத்து நானே ஆடினேன், ஒற்றைக் காது குதிரையை மூலையில் வைத்தேன், அவர் இப்படி, நான் இப்படி, அவர் அப்படி, நான் திரும்ப மூலைக்கு. உடைக்க முடியவில்லை. இரண்டு தடவை ஆடிப் பார்த்தேன், உடைக்க முடியவில்லை. நான் தோற்கவே இல்லை. என் முறைதான், அதுவும் தோல்வியில்லை, சமன். முன்னால் இருந்த நகர்த்தலை எல்லாம் எண்ணினேன், பின்னால் போகிற ஒன்றை எண்ணவே இல்லை, வாழ்க்கையில் எண்ணியதில்லை. அவர் எண்ணியிருக்கிறார். அந்தக் கால் மணி நேரம் அவர் என் முறையை, என் பக்கத்தில் இருந்து யோசித்திருக்கிறார், குதிரை மூலைக்குப் போகும், ஆட்டம் சமன், கொட்டை இருக்க வேண்டிய இடத்தில் இருந்தால் இந்த ஆட்டத்தின் விலை என்னவோ அதைத்தான் கேட்டார், ஒரு பைசா கூடவும் இல்லை குறையவும் இல்லை. நோட்டில் எழுதியிருப்பது அவர் கேட்ட கேள்வி என்று நினைத்தேன். அது கேள்வியில்லை, விடை. மூன்று சதவீதம். இதை வைத்துக்கொண்டு வேலைநிறுத்தத்திலும் அவர்தான் சரி என்று எவனாவது சொன்னால் பல்லைப் பேர்ப்பேன். பதினோரு பேரில் நான்கு பேர் ஊரைவிட்டே போனார்கள், ஒருவன் தண்டவாளத்துக்குப் போனான், அதற்கு இன்ஜின் இல்லை, அந்தப் பலகையை எதிலும் வைத்துப் பார்க்க முடியாது, பார்க்கவும் விடமாட்டேன். ஆனால் கொட்டை. திரை ஒரு தடவை மங்கி அணைந்தது. கறுப்புக் கண்ணாடியில் ஒரு கிழவன் தெரிந்தான்.

இனி எவருக்கும் தெரியாது. திரும்பவும் நான் ஒருவன்தான். கதவு திறந்தது. நீலச் சேலை, தோளில் பேப்பர் பை, அதன் வாயில் என் நோட்டீசின் பழுப்பு முனை நீட்டிக்கொண்டிருந்தது. “கெளம்பலாமுங்களா தோழர்? அணைஞ்சிருச்சா, போச்சாது, பாக்க வேண்டியதப் பாத்தாச்சே.” நான் எழுந்திருக்கவில்லை. “அந்த நோட்டை எடு” என்றேன். “நேரமாச்சுங்க.” “எடு கண்ணு. முதல் பக்கத்துல இருந்து பாரு. அது பென்சில ஊணினது இல்ல. புளியங்கொட்டை. யார் பக்கம் இருக்குதோ அவங்க முறை.” அவள் நின்றபடியே திருப்பினாள். விரல் ஒவ்வொரு படத்திலும் மேலே போய், கீழே வந்து, மேலே போய், உதடு அசைந்தது, எண்ணுகிறாள். கடைசிப் படத்தில் விரல் மேலே போய் நின்றது, இறங்கவில்லை. “அப்ப இது உங்க முறைங்களே.” “என் முறைதான்.” “நீங்க வெள்ளை முறைன்னு...” “நான்தான் தள்ளுனேன். கால்ல. உங்கப்பன் பாத்தாரு.” அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, மேசைக்கடியில் என் காலைப் பார்த்தாள், விரலில் இருந்து மெதுவாக மேலே வந்தாள், அதே கண்கள், நாற்பத்தேழு வருடம் கழித்து அதே வேகம். “டிரா வந்துச்சு. சரியா வெச்சா டிரா” என்றேன், “உங்கப்பனுக்கு அது தெரியும், எனக்கு இப்பத்தான் தெரியும்.” தலைக்கு மேல் ஃபேன் முனகிக்கொண்டு சுற்றத் தொடங்கியது, புரூஃப் தாள்கள் எழுந்தன, அவள் ஒரு கையால் அவற்றை அமுக்கிக்கொண்டு மறு கையால் பையில் இருந்து நோட்டீசை உருவி மேசையில் வைத்தாள், அதன் மேல் ஒரு வெள்ளைத் தாள், அதன் மேல் பேனா. நான் சொல்ல நினைத்தது நிறைய இருந்தது, பதினோரு பேர், வாக்கெடுப்பு, ஒன்பதாம் நாள், அதிலெல்லாம் நான் எங்கே சரி என்று. அவளுக்கு அது முன்னமே தெரிந்துவிட்டதுபோல, “ரெண்டு வரி போதுமுங்க தோழர். அதுக்கு மேல எடமில்லீங்க” என்றாள். பேனாவை எடுத்தேன். முதல் வரியின் முதல் சொல்லாகத் தோழர் என்று எழுதி, அவர் பெயரை அதற்குப் பக்கத்தில் வைத்தேன்.